மஞ்சப்பைக்குள் ஒரு கை

இதை நான் உங்களுக்காக எழுதுகிறேன். உங்களுக்கு என்றால், கை கால் சரியாக வராத பிள்ளைகளுக்கு அல்ல. அவர்களுடைய அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும். மும்பை செம்பூரில் அந்தப் பயிற்சி மையத்தின் வாசல் பெஞ்சில், தம்பியோ தங்கச்சியோ உள்ளே போயிருக்க, போனில் சார்ஜும் தீர்ந்துபோய், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, நீங்கள். நானும் உங்கள் ஆள்தான். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முட்டி வலிக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். ஆனாலும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் நான் ஒரு அண்ணன், அவ்வளவுதான்.

நான் எட்டாவது வரை படித்தவன், தாராவியில், முனிசிபல் தமிழ்ப் பள்ளியில். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று தெரியும். என் மகனும் அப்படித்தான். வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே வலது கை வராது. கை இருந்தது, வேலைக்கு வராது. மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி, கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்கள் மூடிக்கொண்டிருக்கும். வலது காலிலும் கொஞ்சம் இழுப்பு. பிறக்கும்போதோ அதற்கு முன்னாலோ மூளையின் இடது பக்கம் அடிபட்டிருக்கிறது என்று இன்றைக்கு டாக்டர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்கள் சந்தில் அதைச் சோம்பேறிக் கை என்றார்கள்.

நான் சொல்லப்போவது ஒரு கோடை லீவு, அப்புறம் அதன் பின்னால் வந்த முதல் மழை, அவ்வளவுதான். அவளுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது. அப்பா ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் சந்தில்தான் நிற்க வேண்டும், அத்தனை பெரிய கடை. கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதற்கு மாலா என்று பேர். இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். நாங்கள் நான்கு பேரும் அங்கேதான் இருந்தோம். மே மாதம் மத்தியான நேரத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தால் மிளகாய் வத்தல், புண்ணாக்கு, மண்ணெண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாசனை கீழேயிருந்து ஏறி வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் என் கழுத்தில் வியர்த்துவிடும்.

ஒரு நாள் காலை, கடையைத் திறந்து வைத்துவிட்டு அப்பா பால் வாங்கப் போயிருந்தார். தங்கச்சியும் நானும் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வீட்டு அத்தை தீப்பெட்டி கேட்டு வந்தாள். அதுதான் அன்றைக்கு முதல் வியாபாரம். தங்கச்சி எட்டி எடுத்து இடது கையால் நீட்டினாள்.

அத்தை கையை இழுத்துக்கொண்டாள். "ஏட்டி, போணி நேரத்துல பீச்சாங்கையால நீட்டுத? எங்க வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரியணுமா வேண்டாமா?"

தங்கச்சி அந்தத் தீப்பெட்டியை எடுத்துத் தன் மூடின வலது கைமேல் வைத்தாள். இடது கையால் வலது கையைத் தாங்கி நீட்டினாள். பெட்டி கீழே விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது. அத்தை குனிந்து எடுக்கவில்லை. "எங்க கடையில ஓசியாவா தாரோம், பிடிச்சிக்கோங்களேன்" என்று தங்கச்சி சொன்னாள். ஆறு வயதிலேயே அவளுக்கு வாய் அப்படி.

அப்பா பால் பாக்கெட்டோடு பின்னால் நின்றதை நாங்கள் இரண்டு பேரும் அப்போதுதான் பார்த்தோம். அவர் குனிந்து தீப்பெட்டியை எடுத்து அத்தையிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அப்பா ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுத்த சின்னப் பை. பொண்ணு மாப்பிள்ளை பெயரெல்லாம் அழிந்து, 'செல்வி' என்ற ஒரு வார்த்தை மட்டும் சிவப்பில் மிச்சம் இருந்தது. அதற்குள் அவளுடைய இடது கையை விட்டு, மணிக்கட்டில் சணலால் கட்டினார். நல்ல கையைக் கட்டுகிறாரே என்று அம்மா பதறினாள்.

"இந்தக் கை இருக்கப்போயிதான அந்தக் கைக்கு வேலயில்ல. இத உள்ள போட்டா அது தன்னால வரும்லா" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "ஏல, தெனமும் மத்தியானம் ரெண்டு மணி நேரம். நீ கூட இருக்கணும். எந்திரிச்சுப் போகக்கூடாது. வலது கையால வெளயாட வை. பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள அவ வலது கையில பலப்பம் பிடிக்கணும். பிடிக்கலன்னா கடைசி பெஞ்சுலதான் போடுவாங்க, பாத்துக்கோ."

அப்பா கெட்டவர் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. மே மாதம் முழுக்க ஒரு மஞ்சப்பை, லீவு முடிவதற்குள் பலப்பம் பிடிக்கும் ஒரு கை. அவர் கணக்கு அவ்வளவுதான்.

முதல் ஒரு வாரம் நான் ஒழுங்காக உட்கார்ந்தேன். சந்தில் பொறுக்கிய சோடா மூடிகளை ஒரு டப்பா மூடியில் வைப்பேன். அவள் வலது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளி இன்னொரு மூடியில் போட வேண்டும். நாலைந்து போடுவதற்குள் அவளுக்கு மூக்கு வியர்த்துவிடும். ஆனால் போடுவாள். ஒரு நாள் எட்டு மூடி தள்ளினாள். கீழே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவள் வலது கையைத் திறக்க முயலும்போதெல்லாம் மஞ்சப்பையும் அசைந்தது. பைக்குள்ளே எலி புகுந்த மாதிரி. வலது கை மூடினால் பை சுருங்கும், திறந்தால் பை உப்பும். "பைய ஆட்டாத" என்றேன். "நான் ஆட்டலண்ணே. அதுவா ஆடுது" என்றாள். பையைக் கழற்றிவிட்டு மாற்றிச் செய்யச் சொன்னேன். இடது கையை மூடித் திறந்தாள். வலது கை மெல்ல, தூக்கத்தில் இருப்பது போல, அதையே செய்தது. இரண்டு பேரும் சிரித்தோம். எங்களுக்கு அது ஒரு வேடிக்கையாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, ஒரு கை செய்யதயே மத்த கையும் செய்யுது."

"வெளயாட்டு காட்டுதா. நீயும் சேந்து ஆடுத" என்றார். பைமேலேயே ஒன்று போட்டார். அதற்குப் பிறகு அவள் பையைத் தரையோடு அழுத்தி வைத்துக்கொண்டு வலது கையை அசைக்கப் பார்ப்பாள். இரண்டும் அசையாது. அப்பா சொன்னதும் தப்பு, நான் அதோடு விட்டதும் தப்பு. அந்தப் பையின் அசைவில் ஒரு சேதி இருந்தது. அதை வாசிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வாரத்தில் அடுத்த சந்துப் பையன்கள் சங்கத்தில், மண்டல் என்பார்கள், கேரம் போர்டு வாங்கினார்கள். அந்த வயதில் கேரம் பவுடர் வாசனை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு அது போன். மத்தியானம் அப்பா சரக்கு எடுக்க தாதர் போய்விடுவார். அம்மா கீழே கடையில் இருப்பாள். நான் பையைக் கட்டிவிட்டு, பின்பக்கத் தகரத்தைத் தள்ளி இறங்கிப் போய்விடுவேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து அவிழ்ப்பேன். பல்லால் கடித்து அவிழ்த்துவிடுவாளோ என்று இரட்டை முடிச்சுப் போடப் பழகினேன். "எத்தன மூடி தள்ளுன?" என்பேன். "பத்து" என்பாள். மூடிகள் நான் வைத்த இடத்திலேயே இருக்கும்.

ஜூன் மாதம், பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது, முதல் மழை வந்தது. எங்கள் ஊரில் முதல் மழை எப்படித் தகரத்தில் இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரியும். அவள் பயந்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். யாருக்கும் கேட்கவில்லை. ஏணியில் இறங்கப் பார்த்திருக்கிறாள். ஒரு கை பிடிக்காத கை. இன்னொரு கை பைக்குள்.

நான் நனைந்துகொண்டு ஓடி வந்தபோது கடை முன்னால் கூட்டமாக இருந்தது. அம்மா மடியில் தங்கச்சி. மேலே முன்பல் இரண்டும் போயிருந்தன. தாடை கிழிந்து மஞ்சப்பையெல்லாம் ரத்தம். அப்பா அப்போதுதான் தாதரிலிருந்து வந்திருந்தார். பையை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு வரவில்லை. கடைக் கத்தியால் அறுத்தார். அறுத்த முடிச்சைக் கையில் வைத்துப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். மழையில் நனைந்தும் என் விரல் இடுக்கில் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருந்தது.

என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. பையைக் கொண்டுபோய் நாலாவில், அதுதான் சாக்கடைக் கால்வாயில், எறிந்தார். "இனிமே இவ கைய யாரும் ஒண்ணும் செய்யக்கூடாது" என்றார்.

ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் நடந்தது. கட்டவும் இல்லை, அப்புறம் சோடா மூடியும் இல்லை. எட்டு மூடி தள்ளின அந்தக் கை பாவாடை மடிப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் இடது கையால் எழுதினாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து. புதுப் பல் முளைத்தது. தாடைத் தழும்பு மட்டும் இருக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பை தைக்கும் பட்டறையில் சேர்ந்தேன், இப்போது சொந்தமாக இரண்டு மெஷின். அவள் பத்தாவது முடித்து, எங்கெங்கோ வேலை பார்த்து, செம்பூர் மையத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். உங்கள் தம்பி தங்கச்சிகளை அதட்டி, கொஞ்சி, சோறு ஊட்டுகிறாளே, தாடையில் தழும்போடு, அவள்தான்.

சில வருஷத்துக்கு முன்னால் அவள் பட்டறைக்கு வந்தாள். "அண்ணே, ஒரு பை தைக்கணும். சின்னப் பிள்ளைங்க கைக்குப் போடுத பை. நல்ல கைக்குப் போட்டுட்டு, வராத கைய வேலை வாங்குவாங்க. மெத்துன்னு இருக்கணும். இழுத்தா உடனே கழலணும்."

என் கால் மெஷினிலிருந்து நழுவிவிட்டது. "இப்பவும் கட்டுதாங்களா?" என்றேன்.

"டாக்டர் பாத்து, அளவா, கூடவே ஆள் இருந்து."

"என்ன கலர்?"

"மஞ்சள் தவிர என்னமும் வை."

நான் நீலத்தில் தைத்தேன்.

இனி படம் எடுத்த கதை. மாட்டுங்கா பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இந்தப் பிள்ளைகளின் மூளையைப் படம் எடுக்கிறார். கையை அசை என்று மூளை சொல்வது எந்த வழியாக இறங்கிக் கைக்குப் போகிறது என்று பார்க்கிறார். சின்ன வயதில் அடிபட்டு வளர்ந்தவர்களையும் பார்க்க வேண்டுமென்று கேட்டிருக்கிறார். தங்கச்சி, "எங்க அண்ணன் வந்தா நான் வாரேன்" என்று சொல்லிவிட்டாள்.

போன மழைக்காலத்தில் போனோம். அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம். உள்ளே இரும்பு ஆகாது. தங்கச்சியிடம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். ஒரு கையால் சேலை கட்டுகிறவள், அவள் சேலை நிற்பதே ஊக்கில்தான். தோளில் மூன்று, இடுப்பில் நாலு, மடிப்பில் இரண்டு, அவசரத்துக்கென்று வளையலில் ஒரு கொத்து. நர்ஸம்மா நீட்டிய தட்டு நிறைந்துவிட்டது. "தீதி, துகான் லெகே ஆயி க்யா?" என்றாள். அக்கா, கடையையே கொண்டு வந்துட்டியா என்று அர்த்தம். "கடைக்காரர் மகதான்" என்றாள் இவள்.

வெளியே பெஞ்சில் பாண்டுப்பிலிருந்து ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஐந்து வயதுப் பையனுக்குப் படம் எடுக்க வந்திருந்தார்கள். அசையாமல் படுக்க வேண்டுமே என்று தங்கச்சி முந்தின வாரமே அவனை மேசைக்கு அடியில் படுக்க வைத்து, போனில் டக்டக் சத்தம் போட்டுப் பழக்கியிருந்தாள். அவனுடைய அக்கா, பன்னிரண்டு வயதிருக்கும், என்னிடம் கேட்டாள். "அங்கிள், ஃபோட்டோ எடுத்தா இவன் கை டீக் ஆயிடுமா?"

"சரியாகாதும்மா. வழி எங்க இருக்குன்னு தெரியும்."

"ஃபிர் க்யா ஃபாய்தா?" என்றாள். அப்புறம் என்ன பிரயோஜனம் என்று.

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

தங்கச்சியைக் குழாய் மாதிரி ஒன்றுக்குள் தள்ளினார்கள். என்னையும் சோதித்து, காதில் பஞ்சு வைத்து, உள்ளே நிற்க விட்டார்கள். சத்தம் தொடங்கியது. முதலில் டக் டக் என்று. பிறகு தகரத்தில் மழை கொட்டுவது போல. அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. நான் அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஒரு முறை கால் விரலால் என் உள்ளங்கையைச் சுரண்டினாள். இருக்கேன் என்று ஓர் அழுத்து அழுத்தினேன்.

பிறகு வலது கையை மூடித் திறக்கச் சொல்லியும், இடது கையை மூடித் திறக்கச் சொல்லியும் படம் எடுத்தார்கள். படம் தயாரானதும் இன்னொரு நாள் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா மாட்டுங்கா தமிழ் பேசுகிறவர். கம்ப்யூட்டரில் காட்டினார். சாம்பல் நிறத் தலைக்குள் கலர் கலராக நூல் கற்றைகள். ஓவர்லாக் அடிக்காத துணி ஓரம் பிரிந்து தொங்குவது போல இருந்தது. "இது நிஜ கலர் இல்லை, நாங்க போட்டது. மூளைக்குள்ள தண்ணி எந்தப் பக்கமா நகர்றதுன்னு மெஷின் பாக்கறது. நரம்பு போற திசையிலதான் தண்ணியும் நகரும். அத வெச்சு வழியைப் போட்டுக்கறோம். சாதாரணமா வலது கைக்கு மூளையோட இடது பக்கத்துலேர்ந்து வழி இறங்கும். இவாளுக்குப் பாருங்கோ."

இடது பக்கம் நீலக் கற்றை, நாலைந்து இழை மட்டும், மெலிந்து நின்றது. வலது பக்கம் கயிறு கயிறாகத் தடித்திருந்தது.

"வலது கையை அசைக்கச் சொன்னப்பவும் வலது பக்கமேதான் வேலை பண்றது. அதாவது ஒரே பக்கம் ரெண்டு கையையும் பாத்துக்கறது. அதான் ஒரு கை பண்றத இன்னொண்ணும் பண்றது."

எங்கள் சந்துத் தண்ணீர் லைன் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வீட்டுக்குக் குழாய் அடைத்துப்போனால் பக்கத்து வீட்டு லைனிலிருந்து ஒரு டியூப் போட்டு இழுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் திறந்தால் மற்ற வீட்டிலும் சொட்டும். அவள் நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே அந்தச் சின்ன மூளை யாரையும் கேட்காமல் தானே டியூப் போட்டிருக்கிறது. பைக்குள் அசைந்த எலி அதுதான். வெளயாட்டு காட்டவில்லை அவள்.

நாற்பது வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "டாக்டரம்மா, நாங்க சின்னதுல இவ நல்ல கையைக் கட்டுனோம். அப்புறம் நிறுத்திட்டோம். கட்டுனது தப்பா, நிறுத்துனது தப்பா?"

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "படத்தை வெச்சு அத சொல்ல முடியாது. இப்படி வழி இருக்கற சில பேருக்குக் கட்டறதவிட ரெண்டு கையையும் சேத்து வேலை வாங்கறது நல்லதோன்னு நெனைக்கறோம். நிச்சயமாத் தெரியாது. அதுக்குத்தான் இத்தன குழந்தைகளையும் படம் எடுக்கறோம். ஆனா எதுவா இருந்தாலும், பையை மாட்டினதால கை வராது. எதிர்ல ஒருத்தர் உக்காந்து, நாள் தவறாம, பொறுமையா வெளையாடணும். அதான் வைத்தியம்."

பெயில் ஆன பேப்பரைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. அப்பா சொன்ன எல்லாவற்றிலும் அந்த ஒரு வார்த்தைதான் சரியாக இருந்திருக்கிறது. கூட இருக்கணும். அதைத்தான் நான் செய்யவில்லை.

பாண்டுப்பிலிருந்து வந்த பெண்ணே, நீ கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். படம் எடுப்பதால் கை சரியாகாது. உன் தம்பி வேண்டுமென்று செய்யவில்லை என்பது அதில் தெரிந்துவிடும். மிச்சம் எல்லாம் எதிரில் உட்கார்கிற ஆளிடம்தான் இருக்கிறது. பல நாள் அது நீதான். எழுந்து போக உனக்கு ஆசை வரும். வரட்டும், தப்பில்லை. வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போ. முடிச்சுப் போட்டுவிட்டுப் போகாதே.

இப்போது சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி பட்டறைக்கு வருகிறாள். தைத்த கைப்பைகளை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட வேண்டும். அதற்கு இரண்டு கையும் ஒரே நேரத்தில் இறுக்க வேண்டும். இடது கை துணியைக் கவ்வும்போது அவளுடைய வலது கையும் தானாகக் கவ்விக்கொள்கிறது. மணிக்கட்டில் அணைத்துப் பிடித்து ஓர் இழு. பை திரும்பிவிடும். எல்லாம் திரும்பாது, சிலது நழுவிவிடும். கை வலித்தால் நிறுத்திக்கொள்வாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறேன்.

போன சனிக்கிழமை மழை. பட்டறைக்கும் தகரக் கூரைதான். அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"எட்டு ஆச்சுண்ணே" என்றாள், திருப்பிய பையை என் மடியில் போட்டு. "கேரம் ஆடப் போகலயா?"

"போகல" என்றேன். ஒன்பதாவதை எடுத்துக் கொடுத்தேன்.